பனியில் இறக்கி வைத்த பிடிமண்

என் கூட்டாளி காலை ஒடித்துக்கொண்டு பனியில் கிடந்தான். நான் ஒரு கீறல் இல்லாமல் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கால் ஒடிந்ததே என்னைப் பிடித்து நிறுத்தியதால்தான். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க என் ஒருத்தனால் முடியாது. விட்டுவிட்டு இறங்க மனசு வரவில்லை. சுற்றிலும் ஆள் கிடையாது. வானம் மூடிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு மத்தியானத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்கள் கருப்பசாமி செய்ததைச் சாமி கும்பிடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் மாயாண்டி. எழுமலைக்குப் பக்கத்தில் கிராமம். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பழங்காநத்தத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் முறுக்கு சுடப் போகாத ஊர் வடக்கே கிடையாது. நானும் மீசை முளைக்கும் முன்னே சித்தப்பா மகன் ராசாங்கம் அண்ணனோடு போனேன். எண்ணெய்ச் சட்டி சூடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலை ஏறுகிறவர்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று ஒரு கம்பெனியில் சொன்னார்கள். குளிர் என்றால் என்னவென்று தெரியாமல் சரி என்றேன். முதலில் சமையல். அப்புறம் மூட்டை தூக்கினேன். அப்புறம் கயிறு கட்டி மேல் கேம்ப் வரைக்கும் போகப் பழகினேன்.

பணம் கட்டி மலை ஏற வருகிறவர்கள் உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு முன்னால் டென்ட், அடுப்பு, சாப்பாடு எல்லாம் மேலே கொண்டுபோய் வைப்பது எங்கள் வேலை. அவர்கள் இறங்கின பிறகு எல்லாவற்றையும் பிரித்து இறக்குவதும் நாங்கள்தான்.

தாவா நேபாளத்துக்காரன். ஷெர்பா. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு இருக்கும். நாங்கள் பேசிக்கொள்வது இந்தி. இங்கே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். வந்த புதிதில் வாய் தவறி அவனை மாப்ள என்று கூப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவனும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டான். மாப்ள என்றால் தங்கச்சியைக் கட்டிக்கொள்கிற முறை என்று சொன்னேன். "எனக்குத் தங்கச்சி இல்ல. நீ தப்பிச்ச மாப்ள" என்றான்.

பனியில் நடக்கும்போது இரண்டு பேர் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொள்வோம். பனிக்கு அடியில் எங்கே பிளவு இருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. ஒருத்தன் விழுந்தால் இன்னொருத்தன் தாங்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். அதனால் யாரோடு கயிறு கட்டுகிறோம் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் தாவாவோடுதான் கட்டுவேன். அவனும் என்னோடுதான் கட்டுவான்.

இனி பிடிமண் விஷயம். வடக்கே எங்கள் பங்காளிகள் பல குடும்பம் இருக்கிறார்கள். மாசி சிவராத்திரிக்கு எல்லோராலும் ஊருக்கு வர முடிவதில்லை. அதனால் ராசாங்கம் அண்ணன் அங்கேயே தன் முறுக்குக் கடைக்குப் பின்னால் சாமிக்குப் பீடம் கட்டினார். நம் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் அங்கே வைத்தால் அங்கேயும் சாமி வந்து இருக்கும். எங்கள் வழக்கம் அது. அந்த வருஷம் சிவராத்திரிக்கு நான் ஊரில் இருந்ததால் மண் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பிடிமண்ணுக்குக் கட்டுப்பாடு உண்டு. எடுத்தவன் கையிலிருந்து கை மாறக் கூடாது. அவனை விட்டு அகலக் கூடாது. சேர வேண்டிய இடத்தில் வைக்கும் வரை அவன் கறி தொடக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வழியில் எங்கேயும் தரையில் வைக்கக் கூடாது. மண் கொடுக்கும்போது பூசாரி பெரியப்பா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இடையில எங்கயும் இறக்கிராதடா. இறக்குன இடத்துல உக்காந்துரும். அப்புறம் எடுக்க முடியாது."

என் வீட்டுக்காரி செல்வி மஞ்சள் துணியில் சின்னப் பை தைத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கோத்துக் கொடுத்தாள். ரயிலில் தூங்கிக் கீழே போட்டுவிடாதீர்கள் என்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வைத்தே சொல்ல ஆரம்பித்தாள்.

அண்ணன் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். பீடத்தில் சிமெண்ட் வேலை பாக்கி இருந்தது. வைகாசிக்கு அப்புறம்தான் நாள் குறித்திருக்கிறோம் என்றார். அதற்குள் மலைக் கம்பெனியில் இருந்து உடனே வா என்று போன். ஆணியில் மாட்டிவிட்டுப் போகவா என்று கேட்டேன். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "நீ எடுத்த மண்ணுடா. நீ எங்க போறியோ அங்க அதுவும் வரணும். வேல முடிஞ்சு கொண்டாந்து வையி." அப்படித்தான் எழுமலைப் பக்கத்து மண் இமயமலை ஏறியது.

பேஸ் கேம்ப்பில் அந்தப் பை எல்லோருக்கும் வேடிக்கை. நான் தூங்கும்போது தலைக்கு மேலே டென்ட் கம்பியில் மாட்டுவேன். மற்ற நேரம் கழுத்தில், சட்டைக்குள். தாவா விவரம் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். உன் சாமி கறி சாப்பிடுமா என்று கேட்டான். கிடா வெட்டுவோம் என்றேன். "அது திங்கலாம், நீ திங்கக் கூடாதா? நல்ல சாமிதான் மாப்ள" என்று சிரித்தான். ஆனால் வேறு யாராவது விளையாட்டுக்கு அந்தப் பையைத் தொட வந்தால் அவன்தான் முதலில் கையைத் தட்டிவிடுவான். கை மாறக் கூடாது என்று அவனே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான்.

வைகாசி பிறந்த சமயம். உச்சிக்குப் போனவர்கள் நல்லபடியாகப் போய்விட்டு முந்தின நாளே இறங்கிவிட்டார்கள். மேல் கேம்ப்பைப் பிரிக்க நானும் தாவாவும் மட்டும் தங்கினோம். காலையில் பிரித்துக் கட்டி, மூட்டையை முதுகில் போட்டு, கயிறு கட்டி இறங்கினோம். நான் முன்னால். அவன் பின்னால்.

பாதி தூரம் வந்திருப்போம். என் காலுக்குக் கீழே பனி உடைந்தது. சத்தமே இல்லை. அடுத்து நான் ஒரு பிளவுக்குள் தொங்கிக்கொண்டிருந்தேன். என் மூட்டை கழன்று போய்விட்டது. கீழே விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை. வாக்கி டாக்கி அதில்தான் இருந்தது. பனிக் கோடாரியும் போய்விட்டது. இடுப்பில் கயிறு இறுகியிருந்தது. கயிறு நின்றதால் தாவா மேலே இருக்கிறான் என்று தெரிந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கயிறு அசையவும் இல்லை. அப்படியே தொங்கினேன். கழுத்தில் பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து மேலே இருந்து இன்னொரு கயிறு வந்தது. கால் வைக்க அதில் வளையம் போட்டிருந்தான். அதைப் பிடித்து, கால் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வெளியே வந்தேன். வந்து பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது.

நான் விழுந்த வேகம் அவனை இழுத்திருக்கிறது. சறுக்கி வந்தவன் அங்கே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் காலை ஊன்றி நின்றிருக்கிறான். ஊன்றின கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. அந்தக் காலை எடுக்காமல் அதிலேயே என் பாரத்தைத் தாங்கியிருக்கிறான். கோடாரியைப் பனியில் அடித்து இறக்கி, கயிற்றை அதில் கட்டியிருக்கிறான். முடிச்சுப் போட வலது கை கிளவுஸைக் கழற்றியிருக்கிறான். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. விரல்கள் வெள்ளையாக மெழுகு மாதிரி இருந்தன.

அவன் இடுப்பில் கத்தி இருந்தது. எங்கள் எல்லோரிடமும் இருக்கும். கயிற்றை அறுத்திருந்தால் அவனுக்கு மேற்கொண்டு ஒன்றும் ஆகியிருக்காது. ஏன்டா அறுக்கவில்லை என்று கேட்டேன்.

"கத்திய எடுக்கக் கை ஒழியல மாப்ள" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. வேலை இருந்தது. என் கிளவுஸில் ஒன்றை அவன் கையில் மாட்டினேன். என் கைக்கு ஒரு காலுறையைச் சுற்றிக்கொண்டேன். அவன் மூட்டையில் ஸ்லீப்பிங் பேக்கும் டென்ட் துணியும் இருந்தன. டென்ட் கம்பியை வைத்துக் காலைக் கட்டினேன். அவனைப் பாறையின் மறைவுக்கு இழுத்து, பேக்குக்குள் நுழைத்து, டென்ட் துணியைச் சுற்றினேன். அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் சும்மா நின்றாலே மூச்சு வாங்கும். அவனைத் தூக்கிக்கொண்டு பிளவுகளைத் தாண்ட முடியாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இறங்கிப் போய் ஆள் கூட்டிவா என்றான். தன் கோடாரியை என் கையில் கொடுத்தான். எனக்குக் கால் நகரவில்லை. இவன் என்னை விடவில்லை, நான் இவனை விட்டுவிட்டுப் போகிறேனே என்று இருந்தது. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்து ஆள் வருவதற்குள் இவன் தனியாகக் கிடந்து உறைந்து போவான். மலையில் அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வரும். தூங்கினால் அவ்வளவுதான்.

அப்போதுதான் பையைப் பிடித்தேன்.

இதை இறக்கினால் இங்கேயே உட்கார்ந்துவிடும். அண்ணன் கட்டின பீடம் வெறுமனே கிடக்கும். பங்காளிகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? அதைவிட இன்னொன்று. இந்த மண் என் கழுத்தில் இருக்கிற தைரியத்தில்தான் நான் நடந்துகொண்டிருந்தேன். கயிறும் இல்லாமல், தாவாவும் இல்லாமல், இதுவும் இல்லாமல் தனியாக அந்தப் பனியைத் தாண்ட வேண்டும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயமாகத்தான் இருந்தது.

பாறையின் அடியில் அவன் கை எட்டும் தூரத்தில் பனியை வழித்துவிட்டேன். கல் தெரிந்தது. பையை அவிழ்த்து மண்ணைக் கொட்டினேன். கும்பிட்டேன்.

"ஐயா, நீ இங்க இரு. நான் போய்ட்டு வாரேன். இவன் உன் பிள்ள. பாத்துக்க."

அவ்வளவுதான் நான் வேண்டியது. எனக்கு வேறு மந்திரம் தெரியாது.

தாவா மண்ணையே பார்த்தான். கட்டுப்பாடு எல்லாம் அவனுக்குத் தெரியுமே. "இறக்கிட்டியே மாப்ள. இனிமே எடுக்க முடியாதே" என்றான். ஆமாம், நான் வரும் வரைக்கும் இரண்டு பேரும் இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

இறங்கினது எப்படி என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோடாரிக் காம்பால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக் கால் வைத்தேன். பல இடத்தில் நாலு காலில் தவழ்ந்தேன். கீழ் கேம்ப்புக்குப் போகும்போது பனிக்காற்று முழுசாகப் பிடித்துவிட்டது. நீட்டின கை தெரியவில்லை. அங்கே லீடரும் மூன்று ஷெர்பாக்களும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். உடனே கிளம்புவோம் என்றேன். லீடர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போது போனால் ஒருவரும் திரும்ப மாட்டோம், வெளுத்ததும் போகலாம் என்றார். நான் எழுந்தேன். ஷெர்பாக்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருவர் தாவாவுக்குச் சித்தப்பா முறை. அவரே என்னைப் பிடித்துக்கொண்டு, "நீயும் போய்ட்டா அவன் எங்க கெடக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். ஐயா பாத்துக்க, ஐயா பாத்துக்க என்று அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

விடியும்போது காற்று நின்றுவிட்டது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏறினோம். அந்தச் சித்தப்பா மூட்டையில் ஒரு தார்ப்பாயை மடித்து வைத்ததைப் பார்த்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உடம்பைச் சுற்றி இறக்கத்தான்.

பாறை தெரிந்தது. சுற்றிப் பனி இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. தாவா மேலே சுற்றின துணியும் பனியில் மூடிக் கிடந்தது. ஆனால் அவன் முன்னால் மட்டும் கொஞ்ச இடம் வழித்து விட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நடுவில் எங்கள் ஊர்ச் செம்மண். அதற்கு மேலே ஒரு கை அசைந்துகொண்டிருந்தது. பனியைத் தட்டுகிற மாதிரி, மெதுவாக.

ஓடிப்போய் முகத்தில் இருந்த துணியை விலக்கினேன். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சித்தப்பா சுடுதண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னான்.

"உன் சாமி தூங்கவே விடல மாப்ள. மேல பனி விழுந்துக்கிட்டே இருக்கு. மூடிருச்சுன்னா நீ வந்து கேப்பியே. தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு."

அவனைக் காக்கச் சொல்லிச் சாமியை நான் விட்டுவிட்டுப் போனேன். சாமியைக் காக்கச் சொல்லி நான் அவனை விட்டுவிட்டுப் போனதாக அவன் நினைத்திருக்கிறான். தூக்கம் வரும்போதெல்லாம் மண் மூடிவிடுமே என்று கண்ணைத் திறந்திருக்கிறான். கை அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், தூங்கியிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார். கால் கூடிவிட்டது. கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறான். வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

சாமி காப்பாற்றியதா, அவனே தன்னைக் காப்பாற்றிக்கொண்டானா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. நான் பாத்துக்க என்றேன். பார்த்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து செல்விக்குப் போன் செய்தேன். மண்ணை இறக்கினதையும் சொன்னேன். "அவருக்குப் பிள்ளைக இருக்கா?" என்றாள். இரண்டு என்றேன். "அப்பச் சரி" என்றாள்.

அண்ணன் அப்படி விடவில்லை. போனில் திட்டினது போதாதென்று அடுத்த மாசி சிவராத்திரிக்கு ஊரில் பங்காளிகள் கூடினபோது நடுவில் நிறுத்திக் கேட்டார். அந்தச் சிவராத்திரிக்கு நான் தாவாவை அழைத்து வந்திருந்தேன். வெயிலில் முகம் சிவந்துபோய், கோயில் வேம்படியில் பேச்சுப் புரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"நாங்க பீடத்தக் கட்டி வச்சுட்டு ஒக்காந்திருக்கோம். இவன் ஈ காக்கா இல்லாத பனிக்காட்டுல கொண்டுபோய் எறக்கிட்டு வந்திருக்கான். அங்க யாரு படையல் போடுவா? சாமி பட்டினி கெடக்கு" என்றார் அண்ணன். அவர் சொன்னதும் நியாயம்தான். பிடிமண் வைத்த இடத்தில் படையல் போடாமல் விடக் கூடாது. அது பெரிய குற்றம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பூசாரி பெரியப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. வேம்படியைக் காட்டி, அங்கே என்ன செய்தான் என்று அவனைக் கேள் என்றார். நான் இந்தியில் கேட்டேன். தாவா பயந்துவிட்டான். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தான். நான் ஒன்றும் செய்யவில்லை, பனியைத் தட்டினேன் என்றான். வேறு என்ன என்று பெரியப்பா கேட்டார். தாவா யோசித்தான்.

"சட்டைப் பையில ஒரு பிஸ்கட் இருந்துச்சு. அதுவும் நம்மளோடதான கெடக்கு, பசிக்கும்ல. பாதிய ஒடச்சு அதுக்கு வச்சேன். மீதிய நான் தின்னேன்."

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அவன் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "படையல் போட்டாச்சுப்பா. அதுவும் சாகக் கெடந்தவன் தன் சோத்துல பாதியப் போட்டிருக்கான். இங்க எவன் அப்படிப் போட்டிருக்கான், சொல்லு. வேற மண்ணு எடுத்துத் தாரேன். இந்தத் தடவ ராசாங்கம் தன் கையால கொண்டு போகட்டும்" என்றார்.

மறுநாள் கிடா வெட்டிப் பங்கு வைத்தார்கள். பங்காளி வீட்டுத் தலைக்கட்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இலையில் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை, சம்பந்தி, ஊர்க்காரர் யாருக்கும் அந்தப் பங்கு கிடையாது. பங்காளிக்கு மட்டும்தான். அந்த வருஷம் கூப்பிடுகிற வேலை ராசாங்கம் அண்ணனுக்கு. எல்லா வீட்டையும் கூப்பிட்டு முடித்தார். அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "தாவா வீடு" என்றார்.

நான் தாவாவைக் கிள்ளி எழுப்பி அனுப்பினேன். தாங்கித் தாங்கிப் போனான். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். இலையைக் கொடுக்கும்போது அவன் கைக்கு அடியில் தன் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

இப்போது தாவாவால் கயிறு கட்ட முடியாது. பேஸ் கேம்ப்பில் சமையல் அவன்தான். நான் இன்னும் மலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் சாமி கும்பிடும்போது என் பெயர், செல்வி பெயர், பிள்ளைகள் பெயர் சொல்வேன். அதோடு நிறுத்திவிடுவேன். இப்போது என்னோடு கயிற்றில் வருகிறவன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். அவன் எந்த ஊர், எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று பார்ப்பதில்லை.

படிக்கிற உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள். சாமியை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்று என்று வேண்டுவீர்கள். வேண்டுங்கள். ஆனால் பக்கத்தில் ஒருத்தர் உங்களைவிட மோசமாகக் கிடந்தால், ஒரு தடவை அவருக்காக வேண்டிப் பாருங்கள். உங்களுக்குக் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நான் வெறும் கழுத்தோடுதான் இறங்கி வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.